கடந்த இரண்டு வாரங்களில்

கேள்விகள் ஒன்பது. கட்டங்கள் நான்கு:
இல்லவே இல்லை, சில நாட்கள்,
பாதி நாட்களுக்கு மேல், ஏறக்குறைய தினமும்.
சவுத்லாந்தின் ஆகஸ்ட் மழையைக்கூட
இந்த நான்குக்குள் அடக்கிவிடலாம்.

ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் அறுபத்து மூன்று பேர்.
நூலகத்தில் உட்காரவைத்துப் பேனா கொடுத்தேன்.
சரியான விடை என்று எதுவும் கிடையாது என்றேன்.
"அப்ப மார்க்கு?" என்றான் பின்வரிசையில் எவனோ.
சிரித்தார்கள்.
மார்க்கு உண்டு. அதை நான் சொல்லவில்லை.
பத்தைத் தொட்டால் சிவப்புக் கோப்பு.

மாலையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து
கல்லாவை மூடும் கடைக்காரிபோல் கூட்டினேன்.
சிவப்பில் ஏழு பேர்.
இன்வர்கார்கிலிலிருந்து ஆலோசகர்
வியாழக்கிழமை மட்டும்தான் வருவார்.
ஆறு பாலத்தில் ஏறிவிட்டால் அந்த வியாழனும் இல்லை.

முதல் தாள் லாக்லன் டதி. பன்னிரண்டு.
தூக்கமின்மை, ஏறக்குறைய தினமும்.
சோர்வு, தினமும். பசி, கவனம், எல்லாம் தினமும்.
அவனை நினைத்து நான் புரண்டு படுத்த இரவுக்கு
என் தாளிலும் ஒரு கட்டம் வேண்டும்.

மறுநாள் வந்தான்.
சட்டைக் கையில் காய்ந்த அயோடின் கறை,
உடம்பெல்லாம் ஈரக் கம்பளி வாசம்.
"குட்டி போடுற சீசன் மிஸ்.
மூணு மணிக்கு டார்ச் எடுத்துக்கிட்டு அப்பாகூடப் போவேன்.
தூங்கலையான்னு கேட்டிருந்துச்சு.
ஏன்னு கேட்கலையே."

நான் சிரித்துவிட்டேன். அவனும்.
சிவப்புக் கோப்பிலிருந்து அவன் தாளை எடுத்தேன்.
மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது, சும்மா கேட்டேன்:
இருட்டில், எந்தக் குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று
எப்படிக் கண்டுபிடிப்பாய்?

"கத்துறது பிழைச்சுக்கும்.
காத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு
சத்தமில்லாம நிக்குதே, அதைத்தான் பார்க்கணும்."
மேசை ஓரத்தை நகத்தால் கீறினான்.
"சில நேரம் கத்துறதும் செத்துப்போகும் மிஸ்.
அதனாலதான் எல்லாத்துக்கிட்டயும் போறோம்."

கதவுவரை போனவன் நின்றான்.
"அனஹெரா என்ன போட்டா?"
சொல்லக்கூடாது, லாக்லன்.
"தெரியும்."
போகவில்லை.
"அவ கேள்வியைப் படிக்கவே இல்லை.
பக்கத்துலதான் இருந்தேன்.
நான் ரெண்டாவதுல இருக்கும்போதே
பேனாவை மூடிட்டா."

பச்சைக் கோப்பில், ஐம்பத்தாறு தாள்களுக்கு நடுவில்
ஒன்பது பூஜ்யம்.
ஒன்றின் கீழ் ஒன்றாக, வேலிக் கம்பிபோல் நேராக.
நேற்று அதைப் புரட்டும்போது
'கையெழுத்து அழகாயிருக்கிறது' என்று நினைத்தது
இப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது.

சமையல் வகுப்பு வாசலில் நின்று
"கண் பரிசோதனை" என்று பொய் சொன்னேன்.
ஸ்கோன் மாவு ஒட்டிய கைகளோடு எழுந்து வந்தாள்.
தாழ்வாரத்தில் எங்களுக்கு நடுவே
மூன்று பேர் நடக்கலாம் போலிருந்தது.

"எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது."
தெரியும் என்றேன்.
"மறுபடி எழுதணுமா?"
வேண்டாம்.
பேனாவை இழுப்பறையில் போட்டு மூடினேன்.
காகிதக் கைக்குட்டைப் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது.
அதைக் கண்டால் சில பிள்ளைகள்
அழுதாக வேண்டும்போல என்று பயந்துவிடுகிறார்கள்.

அவள் கையிலிருந்த மாவைச் சுரண்டத் தொடங்கினாள்,
கட்டைவிரலிலிருந்து, ஒவ்வொரு விரலாக.
ஜன்னலுக்கு வெளியே பால் லாரி ஒன்று
பின்னால் வந்து, நின்று, மறுபடி பின்னால் வந்தது.
சுண்டுவிரல் முடியும்வரை காத்திருந்தேன்.
பிறகு
அடுத்த கை.