படிவம் ஏழு

நிதிக் குழு அனுப்பிய படிவத்தில்
பதினோராவது கட்டம்:
சமூகத்துக்கான மதிப்பு, ராண்டில்.
பேனா மூடியைக் கழற்றி வைத்து மூன்று நாளாகிறது.

ஒன்று முதல் பத்து வரை சுலபம்.
மின்சாரம், காவல், கறையான் மருந்து,
கூரைக்குக் கேட்டது,
கூரைக்குக் கிடைத்த வாளி.
நுழைவுக் கட்டண வருமானம் பூஜ்யம்.
கட்டணம் வாங்காதே என்றது இதே நகராட்சிதான் என்று
ஓரத்தில் எழுதி
அடித்துவிட்டேன்.

வந்தவர்களை எண்ண
பதிவேட்டைத் தூக்கிவந்தாள் நொம்புமெலேலோ.
கழிப்பறைக்கு வந்தவர்களைச் சேர்க்கலாமா?
மின்வெட்டு நாளில் எங்கள் ஜெனரேட்டரில்
கைபேசிக்கு உயிரேற்ற வந்த
மினிபஸ் ஓட்டுநர் செலேயை?
காத்திருந்த நேரத்தில் அவர்
கப்பல் பட்டியலில் ஒரு வரி படித்தார்.
வீராயி, வயது பதினெட்டு, வடாற்காடு,
இடது புருவத்தில் புண்.
என் மேசைக்கு வந்து கேட்டார்:
'அது ஆறியதா?'

சேர்த்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை நகர மன்றத்தில்
எங்களுக்கு நான்கு நிமிடம்.
'பீனிக்ஸில் குழாய் காய்ந்து கிடக்கிறது,
தண்ணீர் வேண்டுமா, பழைய தட்டுமுட்டா?'
என்றார் உறுப்பினர்.
பதில் தெரியவில்லை.
அன்று காலை லாரித் தண்ணீருக்கு
வரிசையில் நின்றுவிட்டு வந்தவன் நான்.

அப்போதுதான் எழுந்தார் அம்பிகாவதி ரங்கன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து இரண்டு பஸ் மாறி,
மடியில் ஒரு செருப்புப் பெட்டி.
'கேட்டோ மேனர் வீட்டுக்கு
அப்பா கட்டிய வரி.
பதினான்கு வருஷ ரசீது, ஒரு தவணை தவறவில்லை.
எல்லாவற்றிலும் உங்கள் முத்திரை.
கடைசி ரசீதுக்கும் புல்டோசருக்கும் நடுவே
நாற்பது நாள்.
மதிப்பு கேட்டீர்களாமே, கூட்டிக்கொள்ளுங்கள்.
முதலில் பவுண்டு, ஷில்லிங்.
கடைசி மூன்று வருஷம் ராண்ட்.'

மணி அடித்து உட்காரச் சொன்னார்கள்.

வெளியே படிக்கட்டில்
நொம்புமெலேலோ மெதுவாகத்தான் கேட்டாள்:
'அந்த மேட்டில் ஒரு இந்தியர் மனையில்
தகரக் குடிசைக்கு வாடகை கொடுத்தார் என் தாத்தா.
எங்களுக்கு ஏன் ஒரு ரசீதும் இல்லை?'

அம்பிகாவதி பெட்டியை மூடினார்.
மூடிய பெட்டிக்கு ரப்பர் வளையம் போட்டார்.
பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

பத்து நாள் கழித்து
தபாலில் வந்தது நீள நோட்டு ஒன்று.
கடிதமில்லை.
வாடகைக் கணக்கு, முழுக்கத் தமிழில்.
ஜூலுப் பெயர்களைத் தமிழ் எழுத்துக்குள்
இடித்து நுழைத்திருந்தது அந்தக் கை.
'இங்குபானே', 'சித்தோலே' என்று
நான் வாய்விட்டு வாசிக்க வாசிக்க
ஒவ்வொன்றையும் நேராக்கினாள் அவள்.
பதினாறாம் பக்கத்தில்
'முக்கீசு. மழையில் கூரை போச்சு. பாக்கி 2 ஷி.'
நிறுத்தினாள்.
'ம்கீசே' என்றாள்.
திரும்ப வாசிக்கச் சொன்னாள்.
எந்த எழுத்து 'மு' என்று விரல் வைத்துக் கேட்டாள்.
அவர் பெயர் தாங்கிய வேறு காகிதம்
அவள் வீட்டில் கிடையாது.

அவர்தானா என்பதும் தெரியாது.
அந்த மேட்டில் எத்தனையோ ம்கீசே.

பாதித் தொகை தந்தார்கள்.
கூரை அடுத்த நிதியாண்டில்.
அன்று மாலை பதினோராவது கட்டத்தில்
இரண்டு ஷில்லிங்கை
அறுபத்தொன்றின் விகிதத்தில் மாற்றி எழுதினேன்:
ராண்ட் 0.20.
வரவா, நிலுவையா என்று கேட்ட இடத்தில்
கோடு மட்டும் போட்டேன்.

படிவம் திரும்பி வந்துவிட்டது.
'தொகை பிழை. திருத்தி அனுப்பவும்.'
மழை பிடித்துக்கொண்டது.
பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்து
வாளியைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.
இது எந்த வருஷத்தது என்கிறாள் ஒருத்தி.
நொம்புமெலேலோ என்னைப் பார்க்கிறாள்.