பெட்டி இன்னும் வாங்கவில்லை

பிஷ்கெக்கில் மூன்றாம் நாளாகப் பனி.
தையல் ஆலையில் பகலை முடித்து வந்த நுர்ஸாத்
சமையல் மேசையில் பொட்டலங்களைப் பிரிக்கிறாள்.

புதியது மதர்போர்டு மட்டும்.
பிராசசர் இரண்டு தலைமுறைப் பழசு.
கிராஃபிக்ஸ் கார்டு
ஏதோ கொட்டகையில் ராப்பகலாய்
நாணயம் தோண்டிய கழுதை.
"உழைத்த உடம்பு, சாகாது" என்றான் விற்றவன்.
அவளுடையதும் உழைத்த உடம்புதான்;
ஐந்நூறு சோம் குறைக்கவைத்தாள்.

பவர் சப்ளைக்குப் பேரமே பேசவில்லை.
யானை வாங்கி அங்குசத்துக்கு அழுவானேன்?

ஊசி பிடித்த விரல்.
பிராசசர் மூலையின் பொன் முக்கோணம்
கண்ணாடி போடாமலே தெரிந்தது.
நடுவில் பட்டாணியளவு பசை.
விசிறி. நான்கு திருகு.

ஸ்விட்ச்.

விசிறி சுற்றுகிறது.
திரை கறுப்பு.

தொலொகோன் ஒன்றும் சொல்லாமல் தேநீர் ஊற்றினான்.
சுட்டது தேநீர் அல்ல,
அந்த ஒன்றும் சொல்லாமை.

ராமைக் கழற்றினாள். ஊதினாள்.
இரண்டு கட்டைவிரலாலும் மறுபடி அழுத்த,
குழந்தைச் சட்டையில் பிரஸ் பட்டன் பூட்டும்
அதே 'டக்'.

திரையில் எழுத்து வந்தது.
அவனுக்கும் பேச்சு வந்தது.

பெட்டிக்குக் காசில்லை.
அடுத்த சம்பளம்வரை
மதர்போர்டு வந்த அட்டையின் மேலேயே
திறந்த வயிற்றோடு ஓடட்டும்.

பூனையிடம் மட்டும் சொல்ல வேண்டும்,
கதகதப்புக்கு
வேறு இடம் பார்க்கும்படி.