சதுர அடி

களியக்காவிளை ஸ்டாண்டுக்கு எதிரே
மாடிப்படிக்கு அடியில் என் கடை.
ஃப்ளெக்ஸ் சதுர அடி பதினாறு ரூபாய்.
தமிழ் நடிகர், மலையாள நடிகர் என்று பேதமில்லை.
ஒரே கிரீடம், ஒரே சிங்கம், ஒரே இடி மின்னல்.
எழுத்தை மட்டும் மாற்றினால்
பாறசாலைப் பக்கம் கட்டிவிடலாம்.

திருவிழாவுக்கு மூன்று நாள் இருந்தது.
பங்குப்பேரவைச் செயலர் அருளப்பன் வந்தார்.
நாற்பதுக்கு இருபது.
கொடிமரம் உபயம் செய்த குவாரி முதலாளி
நடுவில் முழு உருவமாக நிற்க வேண்டும்.
புனிதர்?
"ஓரத்துல வட்டத்துக்குள்ள போடும்,
முகம் தெரிஞ்சா போதும்."
தலைக்கு மேலே வைக்க
ஒரு வரியும் எழுதித் தந்தார்:
நம் காலத்தின் விசுவாச வீரர்.

கண்ணுக்குக் கீழே தொங்கிய பையை எடுத்தேன்.
கன்னத்து மருவை எடுத்தேன்.
பொத்தானை இழுத்த வயிற்றை
இரண்டு அங்குலம் உள்ளே தள்ளினேன்.
எடுக்க வேண்டியது இன்னும் இருந்தது,
ஆனால் அது படத்தில் இல்லை:
ராத்திரி இரண்டு மணிக்கு மேல்
தார்ப்பாய் போர்த்தி எல்லை தாண்டும் பாறைப்பொடி,
வளைவில் ஸ்கூட்டரோடு போன பையன்.

அப்போதுதான் மெற்றில்டா வந்தாள்.
பாஸ்போர்ட் அளவு, எட்டு காப்பி.
குடையை வெளியே சாய்த்துவிட்டு
ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
எடைமேடையில் பதினோரு வருடம் சீட்டு எழுதியவள்.
அவருடைய லாரி முப்பத்தெட்டு டன் காட்டியது.
இருபத்தைந்து போடச் சொன்னார்கள்.
மறுபடி ஏற்றச் சொன்னாள்.
மறுபடியும் முப்பத்தெட்டு.
அதையே எழுதினாள்.
சனிக்கிழமை சம்பளத்தைக் கொடுத்து
திங்கள் வர வேண்டாம் என்றார்கள்.

"சிரிக்கணுமா?"
"வேண்டாம், அப்ளிகேஷனுக்குத்தானே."
திரையில் நின்றவரைச் சற்று நேரம் பார்த்தாள்.
"கொடிமரம் நல்லா வந்திருக்கு" என்றாள்.
அதில் குத்தல் இருந்ததா,
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அவள் தாடையில் ஒரு தழும்பு.
பழக்கத்தில் கை அங்கே போனது.
கரண்டும் போனது.

யூ.பி.எஸ். கூவிக்கொண்டிருந்த ஆறு நிமிடம்
யோசிப்பதைத் தவிர வேலை இல்லை.
பூசையில் வாசிக்கக் கேட்டிருக்கிறேன்:
அடுத்தவன் மனைவிக்காக
அவனைப் போர்முனைக்கு அனுப்பிய ராஜா,
குடித்துக் கூடாரத்தில் துணியில்லாமல் கிடந்த கிழவர்,
சேவல் கூவியதும் வெளியே போய் அழுத மீன்காரர்.
எழுதியவர்கள் ஒரு மருவைக்கூட எடுக்கவில்லை.
அதனால்தான் என்னைப் போன்றவன்
அவர்கள் பக்கத்தில் உட்கார முடிகிறது.
மரு இல்லாதவர் ஒருவர் இருந்தார்.
அவரையும் ஊருக்கு வெளியே
உயரத்தில்தான் கட்டினோம்,
தலைக்கு மேலே ஒரு வரி எழுதி.

கரண்ட் வந்தது.
நான் வீரன் இல்லை,
பன்னிரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்க்காரன்.
அருளப்பனுக்கு அச்சடித்துக் கொடுத்தேன்.
தழும்பை மட்டும் அப்படியே விட்டேன்.
அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

நாலாம் திருவிழா ராத்திரி மேல்காற்று.
விடிந்து பார்த்தால் குருசடிப் பக்கம்
இடுப்போடு மடங்கிக் கிடந்தார்.
யாரோ வெட்டிக் கொண்டுபோய்
ரப்பர் ஷீட் புரைக்கு மேலே விரித்தார்கள்.
முகம் உள்பக்கம், வெள்ளை மழைக்கு.

அன்று வெட்டும்போது
ஒரு போட்டோ கோணலாகிவிட்டது.
அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
நேற்று பாறசாலையிலிருந்து வந்த பிஜுமோன் கேட்டான்,
ரசிகர் மன்றத்துக்காரன்:
"இது யாருக்க படம்? செத்துப் போனவளா?"
"இல்ல. குழித்துறையில துணிக்கடையில பில் போடுகா."
"பின்ன எதுக்கு இங்க?"
முப்பத்தெட்டை முப்பத்தெட்டு என்று எழுதினாள் என்றேன்.
"அதுக்கா?"
அவனுக்கு நேரமில்லை.
அவன் நடிகருக்கு
இடி மின்னல் போதவில்லையாம்.
இன்னும் இரண்டு போட்டுக் கொடுத்தேன்.