பதினோரு நிமிடம்

ஐம்பத்தேழு அடி நீளம், அகலம் ஏழடிக்கும் கொஞ்சம் குறைவு.
பென்சில் பெட்டிக்குள் மூன்று பேர்.
ரஸ்ஸல் சுக்கானைப் பிடித்து நிற்கிறான்,
படகோடு சேர்த்து வாடகைக்கு எடுத்த கேப்டன் முகத்தோடு.
வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும் என்பதை
நேற்று முழுக்கக் கரையை இடித்து இடித்துக் கற்றுக்கொண்டான்.

காலைச் சாப்பாடு கரையோர விடுதியில்.
ஒன்பது மணிக்கு முளைகளைப் பிடுங்கினோம்.
ஷ்ராப்ஷயரில் மே மாதம், வேலியெல்லாம் வெள்ளைப் பூ.
கரைப்பாதையில் ஒருவர், மூன்று கால் நாயோடு,
எங்களை முந்திப் போனார்.
தொப்பியைத் தொட்டுக் காட்டினார்.
நாயும் திரும்பிப் பார்த்தது, சற்றே இரக்கமாக.

இமோஜென் கூரைமேல் படுத்திருக்கிறாள்.
பதினைந்து வயது. ரஸ்ஸலின் மகள், என் மகள் அல்ல.
இரண்டு வருடமாக என்னை எந்தப் பெயராலும் அழைக்காமல்
வாக்கியம் அமைக்கும் வித்தை அவளுக்குக் கைவந்திருக்கிறது.
"பால் இருக்கா?" என்று ஃப்ரிட்ஜைத்தான் கேட்பாள்.

முதல் நீர்ப்பூட்டு.
பூட்டு என்றுதான் பெயர்; சாவியோ
வளைந்த இரும்புக் கைப்பிடி.
கரைக்கு ஒருத்தியாக நின்று மதகைத் திருகினோம்.
கீழே, பாசிச் சுவர்களுக்கு நடுவே, ரஸ்ஸல்,
அவனே அறியாத உச்சந்தலை வழுக்கை மட்டும் தெரிய.
தண்ணீர் பொங்கிப் பொங்கி
அங்குலம் அங்குலமாக அவனை எங்களிடம் ஏந்திக் கொடுத்தது.

இருபுறமும் மட்டம் சேரும்வரை கதவு அசையாது.
தெரிந்தும் நான் முதுகைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.
"இன்னும் ஒரு சாண் இருக்கு"
என்றாள் எதிர்க்கரையிலிருந்து,
தண்ணீரிடம் சொல்வதுபோல.
நின்றோம்.
பிறகு, தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப்போல
அத்தனை கனமான மரமும் தானே நகர்ந்தது.

அதன்பின் மழை.
ஒவ்வொரு திருப்பத்திலும் அதே நாரை எழுந்து
அடுத்த திருப்பம்வரை போய் அமர்ந்து காத்திருந்தது.
விசிறியில் ஏதோ சிக்கி இயந்திரம் முனகியது.
ரஸ்ஸல் தோள்வரை கையை விட்டுத் துழாவி வெளியே எடுத்தான்:
உரமூட்டைச் சாக்கு, நீலக் கம்பளி நூல், யாருடைய பள்ளிக்கூடத்து டையோ.
டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தேநீர் குடித்தான்.
கோப்பை கூரையிலிருந்து வழுக்கிக் கால்வாயில் விழுந்தது.

பத்து மைல். பதினோரு பூட்டு. ஒன்பது மணி நேரம்.
உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

ஏழு மணிக்கு சாசேஜ் பொரிந்துகொண்டிருந்தது.
"ஹெதர்" என்றாள்.
என் கையில் கரண்டி நின்றுவிட்டது.
"பல் கவ்வியை அங்கயே வச்சிட்டேன். காலையில. டிஷ்யூவுல சுத்தி."
நூற்றைம்பது பவுண்டு. தினமும் இரவில் மாட்டவேண்டியது.

டாக்சிக்காரர் புதினா மிட்டாய் மென்றபடி கேட்டார்:
"எங்கேயிருந்து வர்றீங்க?"
"இப்ப போற இடத்திலிருந்துதான்" என்றோம்,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

பாதை கால்வாயை மூன்று இடத்தில் தாண்டியது.
ஒவ்வொரு பாலத்திலும் ஒரு நொடி தண்ணீர் தெரிந்தது.
அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து
"கோப்பை" என்றாள். "டை" என்றாள்.
மூன்றாம் பாலத்தில் "ஒரு சாண்" என்றாள்.
பின்னிய ஸ்வெட்டரை நுனி பிடித்து உருவுவதுபோல
எங்கள் நாள் முழுக்கப் பிரிந்து முடிய
பதினோரு நிமிடம் ஆனது.

விடுதியில் அதை ஒரு ஒயின் கோப்பையில் போட்டு
"யாரோ ஒருவரின் சிரிப்பு" என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

திரும்பும்போது, இருட்டும் சந்தில்,
விளக்கு வெளிச்சத்தில் மூன்று கால்கள்.
இமோஜென் கண்ணாடியை இறக்கினாள்.
கடந்து போகையில், இல்லாத தொப்பியைத் தொட்டுக் காட்டினாள்.

படகில் ரஸ்ஸல் சாசேஜைக் கரியாக்கி வைத்திருந்தான்.
கழுத்தில் இன்னும் அந்த டை.
அவள் ஃப்ரிட்ஜின் முன் குனிந்து கேட்டாள்:
"பால் இருக்கா?"
நான் ஃப்ரிட்ஜின் குரலில் சொன்னேன்:
"கதவில்."