முன்பாரம்

"இழுக்கும்" என்றான் கார்லிஸ்.
இழுக்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.
அவனுடைய பிக்கப் ஒரு வீட்டையே இழுக்கும்.
என் கேள்வி வேறு:
இழுத்ததை நிறுத்துமா?

இடாஹோ. அக்டோபர்.
வீட்டுச் சாவியைக் கொடுத்தாயிற்று.
பதினோரு வருடக் குடித்தனம்
ஒரே டிரெய்லரில்.
கடைசியாக ஏறியவை இரண்டு:
வார்ப்பிரும்பு விறகடுப்பு,
பாதி எல்க் மான் உறைந்து கிடக்கும் பெட்டி.
இரண்டும் பின்கதவோரம்.
"கடைசியில் ஏற்றினால்
முதலில் இறக்கலாம்."
மளிகைப் பைக்கு அது சரி.

சட்டத்தில் ஒரு தகடு.
சேற்றை எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
ஏழாயிரம் பவுண்டு, அதற்கு மேல் ஆகாது.
அதில் டிரெய்லரும் அடக்கம்,
அதன் வெறும் உடம்பே இரண்டாயிரம்.
தானியக் கிடங்கின் எடைமேடையில் நிறுத்தினோம்:
ஐயாயிரத்து இருபது.
"பார்த்தாயா?"
பார்த்தேன்.
எவ்வளவு என்று பார்த்தோம்,
எங்கே என்று பார்க்கவில்லை.

'குளியலறை' என்று எழுதிய பெட்டியைக் கிழித்து
என் எடைக்கருவியை எடுத்தேன்.
நான் காலை வேளைகளில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற அதே கருவி.
ஒரு பலகை, இரண்டு குழாய்த் துண்டு.
பலகையின் ஒரு முனை செங்கல் மேல்,
மறுமுனை கருவி மேல்.
செங்கல்லிலிருந்து ஓரடியில் டிரெய்லரின் மூக்கு,
மூக்கிலிருந்து ஈரடியில் கருவி.
வருகிற எண்ணை மூன்றால் பெருக்கு.

அறுபத்தொன்று.
மூன்றால் பெருக்கினால் நூற்று எண்பத்து மூன்று.
ஐந்நூறாவது இருக்க வேண்டும்.
நூற்றுக்குப் பத்துக்குக் கீழே மூக்கு இலேசானால்
வால் தலையை ஆட்டும்.

கார்லிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
கையுறை மாட்டினான்.
அடுப்பை அச்சுக்கு முன்னால் தள்ள
இரண்டு மணி நேரம்,
ஒரு நசுங்கிய கட்டைவிரல்,
இங்கே எழுத முடியாத நான்கு சொற்கள்.
நூற்றுத் தொண்ணூற்றேழு.
இப்போது சரி.

எடை போடும் பெண், மாய்ட்டே எச்செவெரி,
சூரியகாந்தி விதை கொறித்தபடி வந்து
டார்ச் அடித்தாள்
பிக்கப்பின் குண்டு மேல்.
இரண்டு அங்குலம், மூவாயிரத்து ஐந்நூறு.
டிரெய்லரின் கிண்ணத்திலோ
இரண்டே காலுக்கும் கொஞ்சம் கூட.
உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது.
ஒரு பள்ளம் வரை இருந்திருக்கும்.
வண்டிக்கு ஒரு எண், கொக்கிக்கு ஒன்று, குண்டுக்கு ஒன்று;
எது சின்னதோ அதுதான் ராஜா.
உள்ளே போய்ச் சரியான குண்டோடு வந்தாள்.
பன்னிரண்டு டாலர், ரசீது இல்லை.

சங்கிலிகளை மூக்கின் அடியில் குறுக்காக மாட்டினேன்,
கழன்றால் தரையில் குத்தாமல்
தூளி போல ஏந்திக்கொள்ள.
அறுந்தால் பிரேக் பிடிக்கிற மெல்லிய கம்பியை
கொக்கியில் மாட்டாமல் பிக்கப்பின் சட்டத்தில்.
சரளை மைதானத்தில் இருபது மைல் வேகம்,
டாஷ்போர்டின் கீழ்ச் சிறு நெம்புகோலை மட்டும் அழுத்த,
டிரெய்லர் பின்னாலிருந்து
சட்டையைப் பிடித்து இழுத்தது.
நல்லது. அது விழித்திருக்கிறது.

கணவாயின் மறுபக்கம் ஏழு மைல் இறக்கம்.
இரண்டாம் கியர்,
ஏறும்போது முனகியதைவிடச் சத்தமாக.
ஒரு பெரிய லாரி காற்றை வாரியிறைத்துக் கடந்தது.
கண்ணாடியில் எங்கள் வீடு
இடப்பக்கம் போய் வலப்பக்கம் வந்தது.
கார்லிஸின் கால் பிரேக்கைத் தேடியது.
"தொடாதே."
என் கை நெம்புகோலில்.
மெல்ல, இன்னும் கொஞ்சம்.
ஒருமுறை ஆடியது.
ஒரே ஒருமுறை.

பிறகு கருகல் வாசனை. எங்களுடையது இல்லை.
ஓடித்தப்பும் சரளை ஏற்றத்தில்
அச்சு வரை புதைந்து ஒரு கேம்பர்.
பக்கத்தில் ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்து
ஓர் ஆள் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்,
மிக நிதானமாக,
இனி எந்த அவசரமும் இல்லாதவன் போல.
இறங்கி நலமா என்று கேட்டோம்.
"இழுக்கும்னு சொன்னாங்க" என்றான்.
கார்லிஸ் தன் பூட்ஸைப் பார்த்தான்.

புது வீட்டில் அடுப்பு எரிகிறது.
என் கருவி மட்டும் அன்றிலிருந்து
நான்கு பவுண்டு குறைத்துக் காட்டுகிறது.
அதை நான் திருத்தவில்லை.