பதினொரு கிலோ நானூறு

உதுமாலெவ்வையின் தராசு
கவிதை எது, கட்டுரை எது என்று பார்ப்பதில்லை.
பதினொரு கிலோ நானூறு.
'ஓரா' மூன்றாம் இதழ், விற்காதவை,
கட்டிலுக்குக் கீழே ஏழு மாரி கண்டவை.
கறையான் மட்டும்தான் அதை
அட்டை தொடங்கி அட்டைவரை வாசித்தது.

காத்தான்குடிக்கு பஸ்ஸில் கொண்டுவந்தேன்.
றோட்டு நடுவே பேரீச்ச மரங்கள்
தங்கள் காலடியிலேயே நிழலை வைத்திருந்த மத்தியானம்.
கொண்டக்டர் உரப்பையைக் காலால் தட்டி
"அரிசியா?" என்றான்.
"ஓம்" என்றேன். அரிசிக்கு ஒரு மரியாதை உண்டு.

கடைக்குள் கூரைவரை
கப்பலில் வந்த கழிவுக் கடதாசி.
கொரியாப் பத்திரிகை வடை சுற்ற.
அரபு எழுத்தைக் கண்டால் மட்டும்
மேல்தட்டில் தனியே எடுத்து வைப்பார்,
சவர்க்கார விளம்பரமே ஆனாலும்.

அவர் காசு எண்ணும்வரை சும்மா நின்றவள்
ஒரு கட்டின் ஓரத்தை விரலால் கிழித்தேன்.

ஒரே இதழ். ஒரே அட்டை.
நாற்பத்துமூன்று தரம்.
சொரசொரத்த மண்ணிறத்தில் ஒரு கேத்தல்.
இரண்டாம் நிறம், நீலம்,
ஒரு நூல் விலகி விழுந்திருந்தது.
தெரியும் எனக்கு அந்த விலகல்.
கையில் காசில்லாதவர்
அச்சகத்து வாசலில் நின்று
"பரவாயில்லை, ஓட விடுங்க" என்று சொன்ன விலகல்.

எழுத்து இங்கிலிஷ்போலத்தான் இருந்தது.
ஆனால் எல்லுக்குக் குறுக்கே ஒரு கீறல்,
வெட்டத் தொடங்கி மனமிரங்கிய மாதிரி.
ஏ எழுத்தின் காலில் ஒரு தூண்டில் முள்.
இஸட்டின் தலையில், அட, எங்கட புள்ளி!
அங்கே அது எந்த உயிரை நிறுத்துகிறதோ.

மருமகன் சிம்லி போனைப் பிடித்தான்.
"போலந்து பாஷையாம் அக்கா."
"போலந்தா?" உதுமாலெவ்வை தலை நிமிரவில்லை.
"அங்கயும் ஆக்கள் வாசிக்கிறல்லயோ?"

திரைக்குள் எழுத்துகள் நடுங்கி நடுங்கித்
தமிழாகப் பார்த்தன. பாதிதான் முடிந்தது.
நான் கவிதை என்று நினைத்த பக்கம்,
சின்னச் சின்ன வரி, வலப்புறம் வெள்ளை,
சந்தா கட்டியவர்களின் பெயர்களாம்.
நூற்றுப் பதினாறு. விரல் வைத்து எண்ணினேன்.
எங்களுக்கு அறுபத்தொன்று. அதில் எட்டு
விமலாகரனின் சொந்தக்காரர்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி. பொடி எழுத்து.
போன் சொன்னது:
"இந்த எண் பிந்திவிட்டது. மன்னியுங்கள்.
அடுத்த எண் வசந்தத்தில்."

எண் இல்லை தம்பி, இதழ்.

அதே வசனத்தை நான் எழுதியிருக்கிறேன்.
ஐப்பசி. கரண்ட் இல்லை.
விமலாகரன் டோர்ச் பிடித்துக்கொண்டு
நுளம்பு அடித்துக்கொண்டிருந்தான்.
"அடுத்த இதழ் தையில்."
எந்தத் தை என்று எழுதவில்லை.
அந்தத் தையில் அவன் கட்டாரில் இருந்தான்.

"இது கிலோ என்ன விலை?"
"நூற்றியெண்பது."
"என்ட புத்தகத்தைத் தொண்ணூறுக்கு எடுத்தீங்களே?"
"இது இம்போட். தாளைத் தொட்டுப் பாருங்க புள்ள,
என்ன தடிப்பம்."
தொட்டேன். உண்மைதான்.
யாரோ அங்கே தாளுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

ஐந்து கிலோ தொளாயிரம்.
கழித்துப் பார்த்தால்
முப்பத்தாறு ரூபா நான்தான் கொடுக்கவேண்டி வந்தது.
அவர் மிச்சக் காசு தேட லாச்சியைத் திறந்தபோது
தராசில் மேலாகக் கிடந்த 'ஓரா' ஒன்றைத்
திரும்ப உருவிப் பைக்குள் போட்டேன்.
அவர் கண்டிருப்பார். பேசவில்லை.

கல்லடிப் பாலத்தில் பஸ் மெதுவாகியது.
வாவியில் ஒருவன் இடுப்பளவில் நின்று வலை வீசினான்.
ஒரு சொல்லும் விளங்காத நாற்பத்துமூன்று பிரதியை
மடியில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?
அந்தப் பெயர்ப் பக்கத்தைத் திறந்தேன்.
கீறல் விழுந்த எல் வந்த இடமெல்லாம்
என் பாட்டில் ழ போட்டு வாசித்தேன்.
பாவெழ். மிகாழ். மழ்கொசாத்தா.
சரியோ தெரியாது, வாய்க்கு நல்லாயிருந்தது.

பக்கத்துச் சீட்டு அம்மா காதைச் சாய்த்தா.
"செபமா மகள்?"

"இல்லயம்மா. சந்தாக்காரர்."