உறவுமுறை

காவேரிப்பட்டணம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டிய மேசையில்
சஞ்சீவராவ் என்னைச் சாகடித்துவிட்டுத்தான்
எழுதத் தொடங்கினார்:
"எனது ஆயுட்காலத்திற்குப் பிறகு."

நல்ல நினைவோடும் திடபுத்தியோடும்
பிறர் தூண்டுதல் ஏதுமின்றி, என்று அடுத்த வரி.
தூண்டியது யாரென்று நானும் சொல்லவில்லை.
ஒரு காகிதமும் எழுதி வைக்காமல்
குருபரப்பள்ளி பைபாஸில் போய்ச்சேர்ந்த மனுஷன்.
அவர் பெண்டாட்டி நான்தான் என்று காட்ட
மூன்று வருஷம் ஆனது எனக்கு.
ரேஷன் அட்டையில் இருந்தவள் லட்சுமம்மா.
நான் வருவதற்கு முன்பே செத்துப்போனவள்,
அட்டையில் மட்டும் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

சொத்து விவரம் சொல்லுங்கம்மா.
ஒரு ஏக்கர் நாற்பது சென்ட்.
வடக்கே வண்டிப்பாதை, தெற்கே முனுசாமி பாகம்,
கிழக்கே ஓடைப் புறம்போக்கு,
மேற்கே என் கொழுந்தன், அவரோடு பேச்சில்லை.
பேச்சில்லை என்பதை எழுத வேண்டாம் என்றார்.
பெங்களூரா இருபத்தெட்டு, செந்தூரா ஒன்பது,
ஒரு கிணறு,
தொள்ளாயிரம் அடியில் புழுதி கக்கிய போர் ஒன்று.
அதையும் எழுதுங்கள்,
என் நாலு பவுன் அதற்குள்தான் கிடக்கிறது.

கடனையும் சொன்னேன்.
தீவனக் கடையில் ஆறாயிரம், குழுவில் பதினோரு தவணை.
கடனை யாரும் உயிலில் எழுதுவதில்லையே?
எழுதாததால்தான் பாடை கட்டும்போதே
நோட்டைப் பிரித்துக்கொண்டு வருகிறார்கள் என்றேன்.
துண்டுத்தாளில் தனியாகக் குறித்துக் கொடுத்தார்.

தெற்குப் பாதி என் மகள் ஹேமாவதிக்கு.
வடக்குப் பாதி மாதேஷுக்கு.
மாதேஷ் உங்களுக்கு என்ன முறை?

சொன்னேன்.

நீங்க எழுதாமப் போயிட்டா, என்றார்,
சட்டப்படி அந்தப் பையனுக்கு
ஒரு மாங்கொட்டைகூட வராது.
"என் கணவரின் முதல் தாரத்து மகன்"
என்று எழுதி வாசித்தார்.
அடிங்க அதை என்றேன்.
அடித்தால் நாளைக்குக் கோர்ட்டில்
அதைத்தான் பிடித்து இழுப்பார்கள் என்றார்.
விட்டுவிட்டேன்.

சாட்சிக்கு என்னைவிட இளையவர்கள் வேண்டுமாம்.
பஞ்சர் கடைப் பையனும் அவன் தம்பியும்
எனக்குப் பிறகும் உயிரோடிருக்க
இரண்டு டீக்கு ஒப்புக்கொண்டார்கள்.

அப்புறம் இன்னொரு காகிதம்.
குழாய் வேண்டாம், மூச்சு மிஷின் வேண்டாம்,
இனி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும்
பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.
இதற்குக் கெஜட் அதிகாரி கையெழுத்து.
எனக்குத் தெரிந்த ஒரே கெஜட் அதிகாரி
மாட்டு டாக்டர் இளம்பரிதி.
போன ஆடியில் என் சிவப்பி படுத்துவிட்டபோது
ராத்திரி பதினொன்றுக்கு டார்ச்சோடு வந்தவர்,
ஊசிப்பெட்டியைத் திறந்து, பார்த்து, மூடி,
"வாயை மட்டும் நனைச்சு விட்டுட்டே இருங்க" என்றவர்.

இரண்டு முறை படித்தார்.
என் சார்பில் முடிவெடுக்க மாதேஷ்.
அவன் பெயருக்கு நேரே
ஒரு கட்டம் காலியாக இருந்தது: உறவுமுறை.

பத்தொன்பது வயதில்
தாலுக்கா ஆபீஸ் வராந்தாவில் வரிசையில் நின்று
அவன் எழுதிக்கொடுத்த வாக்குமூலம்
எனக்கு மனப்பாடம்.
"மேற்படி கெம்பம்மாள் என் தாயார் ஆவார்."
அதன்மேல் சீல் விழுந்த பிறகுதான்
நான் திம்மராயன் மனைவியானேன்.

டாக்டர் பேனாவையே வாங்கி
கட்டத்துக்குள் எழுதினேன்.
மகன்.
இளம்பரிதி ஒன்றும் கேட்கவில்லை,
சாணிக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து
சீலை அழுத்தினார்.

ராத்திரி ஓசூருக்குப் போன் போட்டேன்.
பீரோவில் இரண்டாம் தட்டு, புடவைக்கு அடியில்,
மஞ்சள் பை.
"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்."
அந்தப் பக்கம் ஷிப்ட் மணி.
"கெணத்து மோட்டாரை நிறுத்தினியா?"

நிறுத்தவில்லை.
ஓடிப்போய்ப் பார்த்தால்
வரப்பு உடைந்து, தண்ணீர்
கொழுந்தன் நிலத்துக்குள்
போய்க்கொண்டிருந்தது.